சட்டிப் பாரின் அடையாளம்

வைத்திக்குப்பம், புதுச்சேரி
14-7-2003

மச்சானுக்கு,

பூங்கொடி எழுதிக்கொள்வது. நான் சந்திரா அக்கா வீட்டில் இருக்கிறேன். பதினொரு நாளாகிறது. போய்ச் சேர்ந்தாளா என்று யாரும் கேட்காததால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இது கோபத்தில் எழுதும் கடிதம் இல்லை, காரியமாக எழுதுகிறேன். என் பெட்டியின் அடியில் இங்கிலீஷ் அகராதி இருக்கும். அதோடு நிஷா அக்காவின் பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த தாள்கள், நூல் போட்டுக் கட்டியது. இரண்டையும் தபாலில் அனுப்புங்கள். இங்கே ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். செப்டம்பர் முப்பதோடு முடியும். வகுப்பு விட்டதும் அரை மணி இன்டர்நெட் பார்க்க விடுகிறார்கள். அகராதி இல்லாமல் பாதி புரியவில்லை. தாள்களை அடுப்பில் போட்டுவிட்டீர்கள் என்றால் அதையும் எழுதிவிடுங்கள்.

உங்கள் அண்ணன் பெரியவர் திட்டியதை நான் மனசில் வைக்கவில்லை. தலைமுறையாக உங்கள் வீட்டு வலை மட்டும் இறங்கிய சட்டிப் பாரில் அஞ்சு விசைப்படகு நிற்பதைப் பார்த்துவிட்டு வந்த மனுசர் கத்தாமல் என்ன செய்வார்? "குடும்பத்து ரகசியத்த கம்ப்யூட்டர்ல போட்டு ஊருக்கே காட்டிக் குடுத்துட்டா" என்றார். அத்தை, "நீ மருமவளா வந்தியா, வேவு பாக்க வந்தியா" என்றார். அதையும் விட்டுவிட்டேன். நான் எழுதியது உண்மை. கடலுக்கடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய பொருள்களைத் தேடுகிறவர்கள் இன்டர்நெட்டில் பேசிக்கொள்ளும் ஓர் இடம் இருக்கிறது. எங்கள் பக்கத்திலும் கடலடியில் மேடு தட்டிய ஒரு பார் உண்டு, மீன் அடையும், வலையில் பானை ஓடு ஏறும் என்று பெருமையில் எழுதினேன். கரையிலிருந்து அதற்குப் போகும் அடையாளத்தையும் சேர்த்து எழுதினேன். தப்புதான். கையெடுத்துக் கும்பிட்டேனே, பார்த்தீர்கள்தானே.

நீங்கள் வலை தைத்துக்கொண்டிருந்தீர்கள். ஊசி நிற்கவே இல்லை. எனக்குப் பரிந்து பேச வேண்டாம், "நீ செஞ்சது தப்பு" என்றாவது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை வரவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன் செய்ய வேண்டாம். எதிர்க் கடையில் நின்றுகொண்டு நாலு பேர் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை.

பூங்கொடி


கோட்டுச்சேரிமேடு
23-7-2003

பூங்கொடிக்கு,

நாகராஜ் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதினால் நீ சிரிப்பாய். ஆனாலும் ஆவல்தான்.

அகராதியும் தாளும் இதோடு வருகிறது. எரிக்கவில்லை. அண்ணன் "அந்தக் காயிதம் எங்கடா" என்று ஒருநாள் கேட்டார். நான் எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டேன். இரண்டு தாளில் தவிடு ஒட்டியிருக்கும், தட்டிவிட்டுக்கொள்.

கட்டுவதற்கு முன்னால் எல்லாப் படத்தையும் பார்த்தேன். ஒரு படத்தில் ஒருவன் தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பென்சிலால் எழுதுகிறான். அது எப்படி அழியாமல் நிற்கிறது? இன்னொன்றில் கடலடியில் கயிறு கட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். வயலுக்கு நடவுக் கயிறு பிடிப்பது போல. சட்டியை அள்ளிக்கொண்டு வராமல் அங்கேயே கட்டம் போட்டு என்ன செய்கிறார்கள்? நேரம் இருந்தால் எழுது.

மீன் சரியில்லை. காற்றும் சரியில்லை.

நீ எழுதிய மற்ற விஷயத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தேன். வரவில்லை. உனக்கே தெரியும், நான் எட்டாவதோடு நின்றவன். பேச்சும் அப்படித்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நாகராஜ்


வைத்திக்குப்பம்
30-7-2003

மச்சானுக்கு,

தவிடு தட்டினேன். சந்திரா அக்கா, "உன் புருஷன் காயிதத்த அரிசியோட சேத்து ஆக்கப் பாத்தானாடி" என்று கேட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன்.

கேள்வி கேட்டீர்களே, அதனால் எழுதுகிறேன். அது காகிதம் இல்லை, பிளாஸ்டிக் அட்டை. சாதாரணப் பென்சில்தான், தண்ணீருக்குள்ளும் எழுதும். எனக்கே நம்பிக்கை இல்லாமல் அக்கா வீட்டு வாளியில் முக்கி எழுதிப் பார்த்தேன். எழுதுகிறது. கட்டம் எதற்கென்றால், எந்தப் பானைக்குப் பக்கத்தில் எது கிடந்தது என்று தெரிய வேண்டும். பெரிய ஜாடி இந்தப் பக்கம், சமையல் சட்டி அந்தப் பக்கம் என்றால் ஆட்கள் கப்பலில் எங்கே பொங்கித் தின்றார்கள் என்று சொல்லிவிடுவார்களாம். கிடந்த இடத்தைக் குறிக்காமல் தூக்கி வந்த பானை, திருவிழாவில் தொலைந்த குழந்தை மாதிரி. அழகாக இருக்கும், ஊர் சொல்லத் தெரியாது.

எனக்கு இது எப்படிப் பிடித்துக்கொண்டது என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. தையில் அஞ்சல் வழிப் பரீட்சை முடிவு பார்க்க நிஷா அக்கா சென்டருக்குப் போனேன். பிரான்சுப் பென்ஷன்காரர்கள் அங்கே இருக்கும் பேரப்பிள்ளைகள் முகத்தைக் கம்ப்யூட்டரில் பார்க்க வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். என் வேலை பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நிஷா அக்கா, "ஒரு மணி நேரத்துக்கு எளுதியாச்சு, எந்திரிக்காத, எதையாச்சும் பாரு" என்றார். எனக்கு எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. அதற்கு முந்தின நாள் உங்கள் வலையில் ஏறிய ஓட்டுத் துண்டு ஞாபகம் வந்தது. கடல், பானை என்று இங்கிலீஷில் இரண்டே சொல் அடித்தேன். மச்சான், எத்தனை கடலில் எத்தனை கப்பல்! நம்ம பூம்புகாரிலும் முக்குளித்துத் தேடியிருக்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் நடந்தது நமக்குத் தெரியவில்லை. இலவசமாகப் பாடமே நடத்துகிறார்கள், ஒன்று இரண்டு என்று எண் போட்டு. ஒரு பாடத்தை முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆகும். சமைக்கும்போதெல்லாம் அதே நினைப்புதான். குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டது அதனால்தான்.

என் குறிப்பைப் படித்துவிட்டு ஒரு கடல் ஆராய்ச்சிக்காரர் மெயில் போட்டிருக்கிறார். மேலும் விவரம் வேண்டுமாம். நான் பதில் போடவில்லை. இனி அது என் வாயால் வராது.

மற்ற விஷயத்துக்கு எட்டாவது போதும். "அன்று நான் ஏன் பேசவில்லை" என்று ஆரம்பியுங்கள், மீதி தானாக வரும்.

பூங்கொடி


கோட்டுச்சேரிமேடு
11-8-2003

பூங்கொடிக்கு,

நேற்று கடலுக்குப் போகவில்லை. காரைக்காலுக்குப் போய் நிஷா அக்காவைப் பார்த்தேன். நீ எழுதியதை அழிக்க முடியுமா என்று கேட்கத்தான் போனேன். முடியாதாம். சரி, என்னதான் எழுதியிருக்கிறாள், படித்துச் சொல்லுங்கள் என்றேன். இங்கிலீஷைத் தமிழாக்கி வரிவரியாகச் சொன்னார்.

நன்றாக எழுதியிருக்கிறாய். எங்கள் அப்பா பேரைக்கூடப் போட்டிருக்கிறாய். "என் கணவரின் தந்தை நடராசன் கண்டுபிடித்த இடம்" என்று. நிஷா அக்கா அதை இரண்டு முறை படித்தார்.

அப்புறம் அடையாளம் வந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு இடக்கைப் பக்கம் நாலு விரல் தள்ளி அரசமரம் என்று எழுதியிருக்கிறாய். நான், மறுபடி படிங்க என்றேன். மறுபடியும் இடக்கைதான்.

பூங்கொடி, அது வலக்கைப் பக்கம். கடலிலிருந்து கரையைப் பார்க்கும்போது மரம் தொட்டிக்கு வலப்பக்கம் வர வேண்டும். நீ எழுதியபடி போனால் தெற்கே வெகுதூரம் தள்ளி வெறும் மணல்தான். அங்கே நண்டுகூடக் கிடைக்காது.

எப்படி என்று வருகிற வழியெல்லாம் யோசித்தேன். கல்யாணமான புதிதில் கடற்கரையில் மணலில் கோடு போட்டு உனக்குச் சொன்னேனே, நீ எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாய். என் வலது உனக்கு இடது. கடலுக்குப் போகிற ஒருவனுக்குச் சொல்லியிருந்தால் மனசுக்குள்ளேயே திருப்பிப் போட்டுக்கொள்வான். நம் ஊரில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. கடலிலிருந்து நம் ஊர் எப்படித் தெரியும் என்று நீ ஒருநாளும் பார்த்ததே இல்லை.

இதை உடனே உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

நாகராஜ்


வைத்திக்குப்பம்
17-8-2003

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். நான்காவது தரம் அக்கா கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். நாற்பது நாளாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்துப் போட்டது போல இருந்தது. அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் கையெல்லாம் மீன் செதில், என் சேலை பாழ்.

என் முட்டாள்தனம் என்னைக் காப்பாற்றியதே! என்னை ஒரே ஒரு தரம் படகில் ஏற்றிக் காட்டியிருந்தால் சரியாக எழுதித் தொலைத்திருப்பேன். ஊர்க் கட்டுப்பாட்டுக்கு ஒரு கும்பிடு.

சந்தோஷத்தில் ஒருநாள் போயிற்று. இரண்டாம் நாள் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று தோன்றியது. நான் எழுதியதை வைத்து யாரும் வந்திருக்க முடியாது. ஆனால் அஞ்சு படகு வந்தது. அப்படியென்றால் எப்படி வந்தது?

துறைமுகத்தில் விசாரிக்கப் போனபோது ஒரு காலேஜ் பையன் பெரியவரிடம், "உங்க வீட்டுப் பொண்ணுதாண்ணே இன்டர்நெட்ல போட்டிருக்கு" என்றானாம். அவன் படித்தது உண்மையாக இருக்கலாம். படித்துவிட்டுத்தான் வந்தார்கள் என்று அவன் சொன்னானா? நாம்தானே அப்படி முடிச்சுப் போட்டோம்.

நீங்கள் கடலை அறிந்தவர். உங்களுக்கு என்ன தோன்றுகிறது? இன்னொன்று. இந்தச் சேதியைப் பெரியவரிடமும் அத்தையிடமும் சொல்லிவிட்டீர்கள்தானே? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் காணோம்.

பூங்கொடி


கோட்டுச்சேரிமேடு
2-9-2003

பூங்கொடிக்கு,

நீ சொன்னபடியே ஆரம்பிக்கிறேன். அன்று நான் ஏன் பேசவில்லை.

நீதான் கேட்டாய், ஓடு ஏறினால் எந்த இடத்தில் ஏறியது என்று அளந்து வந்து சொல்லுங்கள் மச்சான் என்று. கேலி செய்தேன். ஆனால் உனக்காகச் செய்ய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று. அளப்பதற்கு நடுவில் ஏதாவது நிலையாக நிற்க வேண்டும். வைகாசிக் கடைசியில் ஒருநாள், அண்ணன் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தபோது, நான் தனியாகப் போய்ச் சட்டிப் பாரில் வெள்ளைத் தெர்மாகோல் மிதவை ஒன்றைக் கல் கட்டி இறக்கினேன். அதிலிருந்து இரு கையையும் விரித்து ஏழு பாகம், எட்டு பாகம் என்று கயிறு பிடித்து நாலு ஓட்டுக்கு இடம் குறித்தேன். அன்றைக்கே அவிழ்த்திருக்க வேண்டும். காற்று எழும்பியது, நாளைக்கு என்று விட்டு வந்தேன். மறுநாள் இஞ்சின் பழுது. நாலாம் நாள் போனால் அங்கே படகுகள் நின்றன. என் மிதவையை அறுத்துத் தங்கள் படகில் போட்டிருந்தார்கள்.

நடுக்கடலில் தனி மிதவை நின்றால் எவனும் வந்து பார்ப்பான். இது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். அப்பா சாகும்வரை அங்கே ஒரு தக்கைகூட மிதக்கவிட்டதில்லை.

ஆக எனக்கு அன்றே தெரியும். அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டே பத்து நாள் ஓட்டினேன். அப்புறம் அண்ணன் உன் பேரைச் சொல்லிக் கத்தினார். அப்போது எனக்கு என்ன வந்தது தெரியுமா? கோபம் இல்லை. நிம்மதி. அப்பாடா, என்னை விட்டுவிட்டார்கள் என்று ஒரு நிம்மதி. இதை எழுதும்போது கை கூசுகிறது. நீ கும்பிட்டுக்கொண்டு நின்றாய். நிமிர்ந்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று வலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ எழுதியதைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்று நானே பாதி நம்பத் தொடங்கிவிட்டேன். அதை உறுதி செய்துகொள்ளத்தான் நிஷா அக்காவிடம் போனேனோ என்னவோ. அந்தக் கதவும் மூடிவிட்டது.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில்.

நாகராஜ்


வைத்திக்குப்பம்
9-9-2003

உங்கள் கடிதம் வந்தது.

பதில் எழுத ஆறு நாள் ஆயிற்று என்று நினைக்காதீர்கள். அன்றைக்கே எழுதினேன். அதை அனுப்பவில்லை. அக்கா பிடுங்கிக் கிழித்துப் போட்டாள். அதில் நான் எழுதியதை நீங்கள் படிக்காமல் போனதே நல்லது.

எனக்காகத்தான் மிதவை கட்டினீர்கள். அதை நினைத்தால் உருகிப் போகிறேன். எனக்காகக் கட்டிவிட்டு என்னையே மாட்டிவிட்டீர்கள். அதை நினைத்தால் பற்றி எரிகிறது. இரண்டும் ஒரே ஆள். நான் எந்த ஆளோடு குடும்பம் நடத்துவது?

இதை என்னிடம் ஒப்புக்கொண்டு என்ன பயன்? நான்தான் செய்யவில்லையே. யாரிடம் சொல்ல வேண்டுமோ அங்கே சொல்லுங்கள். அதுவரை எனக்குக் கடிதம் வேண்டாம்.

பூங்கொடி


கோட்டுச்சேரிமேடு
20-9-2003

பூங்கொடிக்கு,

சொல்லிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

வீட்டுக்குள் வைத்து அண்ணனிடம் மட்டும் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். உன்னை ஊர் பேசியது வீட்டுக்குள் இல்லையே. திங்கட்கிழமை காலை, ஏலக் கொட்டகையில் கூடை எல்லாம் வந்து கூட்டமாக இருந்தபோது சொன்னேன். பஞ்சாயத்தார் நாலு பேரும் இருந்தார்கள். "சட்டிப் பாருல மிதவ கட்டுனது நான். பூங்கொடி எளுதுனது தப்பான அடையாளம். அத வச்சு யாரும் வரல. என்னாலதான் போச்சு. இத்தன நாளு வாயத் தொறக்காம அவள மாட்டிவிட்டதும் நான்தான்." இவ்வளவுதான். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கூட்டத்திலிருந்து தெட்சிணாமூர்த்தி மாமா, "சத்தமாச் சொல்லுடா" என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

அண்ணன் எழுந்து போய்த் தன் வலையைத் தனியாகப் பிரித்து வைத்தார். நாலு நாள் என்னைப் படகில் ஏற்றவில்லை. அது சரிதான்.

அம்மா மூன்று நாள் எனக்குச் சோறு போடவில்லை. "அவ கையால வாங்கித் தின்னுக்க, என்கிட்ட வராத" என்றார். பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை அத்தையிடம்தான் சாப்பிட்டேன். அவரும் திட்டிக்கொண்டேதான் போட்டார்.

நேற்று அண்ணன் கூப்பிட்டு, "வா, போவலாம்" என்றார். சட்டிப் பாருக்குப் போனோம். இப்போது அங்கே யாரும் வருவதில்லை. இழுவலை போட்டுச் சுரண்டிவிட்டார்கள். களவா மீனும் இல்லை, சங்கராவும் இல்லை. இரண்டு வருசம் விட்டால் மீன் திரும்பும் என்கிறார் அண்ணன். வலையை இழுக்கும்போது ஒரு ஓடு ஏறியது. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இத எந்த ஊருக்காரன் கப்பல்ல வச்சு ஆக்கித் தின்னான்னு அந்தப் புள்ளைக்குத் தெரியுமாடா" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "கேட்டு எளுது" என்றார்.

அதனால் கேட்டு எழுதுகிறேன்.

அந்த ஆராய்ச்சிக்காரருக்கு என்ன பதில் போடுவது என்று நீ சொல். மிச்சம் இருப்பதையாவது கட்டம் போட்டு எழுதி வைக்கட்டும். சரியான அடையாளம் நாங்கள் தருகிறோம். அண்ணனும் சரி என்கிறார்.

நீ இல்லாத வீடு நன்றாக இல்லை. வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை.

நாகராஜ்


வைத்திக்குப்பம்
27-9-2003

மச்சானுக்கு,

அத்தை வந்திருந்தார்கள். உங்களிடம் சொல்லாமல்தான் வந்தார்களாம். வைத்திக்குப்பத்துக்கு வழி தெரியாமல் பஸ் நிலையத்திலிருந்து விசாரித்து விசாரித்து, தலையில் கருவாட்டுக் கூடையோடு நடந்தே வந்திருக்கிறார்கள். வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் கருவாடு, மழை, சின்னப்பிள்ளை வீட்டு ஆடு என்று பேசினார்கள். நான் காபி கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமல், "நான் பேசுனது தப்புடி" என்றார்கள். அப்புறம் என்னைப் பார்க்க முடியாமல் அக்காவிடம் திரும்பி, "வெயிலு இங்க ரொம்ப" என்றார்கள். கனகத்தம்மாள் மன்னிப்புக் கேட்டு ஊர் உலகத்தில் யாரும் பார்த்ததில்லை. நான் பார்த்துவிட்டேன்.

கையோடு கூட்டிப் போகத்தான் வந்தார்கள். நான் போகவில்லை. வகுப்பு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதைவிட, யாரோ கூட்டி வந்து விட்டது போல நான் அந்த ஊருக்குள் வர மாட்டேன்.

பெரியவருக்குச் சொல்லுங்கள், யார் ஆக்கித் தின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை. ஆராய்ச்சிக்காரருக்கு நாம் எல்லோரும் உட்கார்ந்து பேசிப் பதில் போடுவோம்.

உங்கள் மேல் கோபம் போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன். இன்னும் கொஞ்ச நாள் இருக்கும், வீட்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துக்கொள்கிறேன். ஆனால் கொட்டகையில் நீங்கள் இரண்டாம் தரம் சத்தமாகச் சொன்னதைப் படித்தபோது எனக்கு உடனே கிளம்பி வந்துவிட வேண்டும் போல இருந்தது.

அக்டோபர் ஒன்றாம் தேதி புதன்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். கோட்டுச்சேரியில் இறங்கி நடந்தே வருவேன். ஏலம் நடக்கிற நேரமாக இருக்கும். நீங்கள் பஸ்ஸுக்கு வர வேண்டாம். வீட்டு வாசலிலும் நிற்க வேண்டாம். கொட்டகையில் எல்லோரோடும் நில்லுங்கள். நான் வருவதை முதலில் ஊர் பார்க்கும். எல்லோரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

அப்போது பேசுங்கள். "வா" என்று ஒரு வார்த்தை போதும். எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.

பூங்கொடி